‘போல’ என்ற சொல்

இலக்கணம் படிப்பிக்கும்போது சிறிய சொற்களை நாம் அவசரமாகக் கடந்துவிடுகிறோம். பெயரும் வினையும் பரீட்சைக்கு வரும். ‘போல’ என்பது உவம உருபு என்ற ஒரு வரியோடு அதன் கதை முடிந்துவிடும். இருபது வருடங்களாக நானும் அப்படித்தான் முடித்து வந்திருக்கிறேன். ஆனால் நம் ஊர்ப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலை உண்டு. ‘மழை வரும் போல’, ‘மாமா இன்றைக்கு வரமாட்டார் போல’ என்கிறோம். சொல்பவர் கண்ணால் கண்டதைச் சொல்லவில்லை, கண்டதிலிருந்து ஊகித்ததைச் சொல்கிறார் என்பதை அது காட்டிக்கொடுக்கும். அந்தச் சொல்லை நான் ஒருமுறை வழியில் தவறவிட்டேன். அதனால் ஒரு இளைஞனின் பெயர் கெட்டது. ஊகத்துக்கும் அறிவுக்கும் இடையில் ஒரு மனிதன் எப்படி நசுங்கிப்போகிறான் என்பதை அன்றுதான் நான் பார்த்தேன்.

போர் முடிந்த 2009க்குப் பிறகு திருகோணமலைத் துறைமுகத்துக்கு வெளிநாட்டுப் பாய்ப்படகுகள் மெல்ல மெல்ல வரத் தொடங்கின. கணவனும் மனைவியுமாக, சிலவேளை தனியொருவராக, உலகைச் சுற்றும் மனிதர்கள் உள்துறைமுகத்தில் நங்கூரம் போட்டு வாரக்கணக்கில் தங்குவார்கள். பாய் என்பது பெயருக்குத்தான். துறைமுகத்துக்குள் நுழையவும் காற்று விழுந்த நாளில் நகரவும் ஒரு டீசல் இஞ்சின் படகின் வயிற்றுக்குள் கிடக்கும். அது பழுதானால் கிண்ணியாவிலிருந்து ஒரு மெக்கானிக் நானா போவார். மீன்பிடிப் படகுகளின் இஞ்சின்களோடு நாற்பது வருடம் புழங்கியவர். அவருக்கு ஆங்கிலம் வராது. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் அவர் இருக்கிறார். ஆகவே 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, “சேர், ஒரு பிரெஞ்சுக்காரன். பாஷைக்கு நீங்களும் ஒருக்கா வாங்களேன்” என்று வாசலில் வந்து நின்றார். போனேன்.

படகின் சொந்தக்காரர் வயதானவர். அவருடைய ஆங்கிலமும் இரவல், என்னுடையதும் இரவல். நடந்தது இது. அவரும் மனைவியும் பொலன்னறுவையும் கண்டியும் பார்க்கப் போயிருந்த இரண்டு வாரத்துக்கு, படகைப் பார்த்துக்கொள்ள ஒரு பொடியனைக் கூலிக்கு வைத்திருந்தார்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை இஞ்சினை அரை மணித்தியாலம் ஓடவிட்டு பட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும் என்பது அவனுக்குச் சொன்ன வேலை. திரும்பி வந்து பார்த்தால் இஞ்சின் அசையவில்லை. ஒயில் அளக்கும் கம்பியை இழுத்தால் கறுப்பாக வரவேண்டிய ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தது.

அந்தப் பொடியன் என்னிடம் எட்டாம் தரத்தில் படித்தவன். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியெய்தவில்லை. பத்தொன்பது வயதில் நானாவுக்கு ஸ்பானர் எடுத்துக்கொடுக்கிற கையாளாக இருந்தான். வகுப்பில் எது உடைந்தாலும் நாங்கள் முதலில் திரும்பிப் பார்க்கும் பிள்ளை ஒன்று எல்லாப் பாடசாலையிலும் இருக்கும். எங்கள் பாடசாலையில் அது அவன்.

நானா கம்பியை மூக்கருகே பிடித்துப் பார்த்தார். “எத்தனை தரம் அடிச்சாய்?” என்று கேட்டார். ஸ்டார்ட் பொத்தானை எத்தனை தடவை அழுத்தினாய் என்பது கேள்வி. பொடியன், “கன தரம், நானா” என்றான். நானா எனக்கு விளங்கப்படுத்தினார். ஸ்டார்ட் எடுக்காத இஞ்சினைத் திரும்பத் திரும்பச் சுழற்றினால், அதோடு சேர்ந்து சுழலும் பம்பு ஒவ்வொரு முறையும் கடல்நீரை இழுத்துப் புகைக்குழாய்க்குள் தள்ளும். இஞ்சின் ஓடினால் புகை அந்த நீரை வெளியே துப்பிவிடும். ஓடாவிட்டால் நீர் தங்கி நிறைந்து, புகை வந்த வழியாலேயே பின்னோக்கி இஞ்சினுக்குள் இறங்கும். நீர் அமுங்காத பொருள். சிலிண்டருக்குள் அது நிறைந்துவிட்டால் இஞ்சின் கல்லாகிவிடும். சொல்லி முடித்துவிட்டு, கையைத் துடைத்தபடி தணிந்த குரலில் சொன்னார்:

“பொடியன் கூட அடிச்சிட்டான் போல.”

பிரெஞ்சுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னேன். பையன் இஞ்சினை அளவுக்கு மீறி அடித்துவிட்டான், அதனால் நீர் புகுந்துவிட்டது என்று. சொன்ன வாக்கியம் பிழையற்ற ஆங்கிலம். அதில் ‘போல’ மட்டும் இல்லை. ஆங்கிலத்தில் அதற்குச் சொல் இல்லாமல் இல்லை. எனக்கு அது தேவையாகப்படவில்லை. அந்தப் பிள்ளையை எனக்கு முன்பே ‘தெரியும்’.

சொந்தக்காரர் கோபப்படவில்லை. மரியாதையாகவே பேசினார். கூலி இல்லை என்றார், இனிப் படகுக்கு வரவேண்டாம் என்றார். அதையும் நான்தான் தமிழில் சொன்னேன். பொடியன் என்னைப் பார்த்து, “சேர் சொன்னாச் சரிதான்” என்றான். சிறு படகில் ஏறிக் கரைக்குப் போனான். அந்த வார்த்தையைப் பணிவு என்று எடுத்துக்கொண்டேன். எட்டாம் தரத்திலும் அவன் அப்படித்தான் சொல்வான்.

அன்று மாலைக்குள் நானா நீரை வெளியேற்றி, ஒயிலை இரண்டு தடவை மாற்றி, இஞ்சினை ஓடவைத்தார். எல்லோருக்கும் திருப்தி. கதை இந்த இடத்தில் முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு இடமில்லை. என் மொழிபெயர்ப்பு சரியானதாகவே என் ஞாபகத்தில் தங்கியிருக்கும்.

மறுநாள் சுபஹுக்குப் பிறகு நானா மறுபடி வாசலில் நின்றார். இரவு தூக்கம் வரவில்லையாம். வீட்டுக்குப் போனவர் பொடியனைக் கூப்பிட்டு, நாங்கள் இருவரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டிருக்கிறார்: “கன தரம் அடிச்சது கிடக்கட்டும். முதல்தரம் அடிக்கக்குள்ள என்ன நடந்த?” பொடியன் சொல்லியிருக்கிறான்: “முதல்தரமே ‘டக்’கெண்டு நிண்டிட்டு, நானா. பிறகுதான் கன தரம் அடிச்சன்.”

நானாவைத் தூங்கவிடாமல் செய்தது அந்த ‘டக்’. அளவுக்கு மீறி அடித்ததால் நீர் புகுந்தது என்றால், முதல் அழுத்தலில் இஞ்சின் இலேசாகச் சுற்றியிருக்க வேண்டும். முதல் அழுத்தலிலேயே அது முட்டி நின்றது என்றால், பொடியன் கைவைக்க முன்பே நீர் உள்ளே இருந்திருக்கிறது. கன தரம் அடித்தது நீர் புகுந்ததற்குக் காரணமல்ல. நீர் புகுந்து கிடந்ததால்தான் அவன் கன தரம் அடிக்க வேண்டி வந்தது. காரணமென்று நாங்கள் பிடித்தது விளைவை.

மீண்டும் படகுக்குப் போனோம். நானா ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தார். இஞ்சினைச் சுற்றி ஓடும் நன்னீர்த் தாங்கியின் மட்டம் இறங்கவில்லை. ஆகவே கேஸ்கட் வழியாக நன்னீர் ஒயிலுக்குள் போகவில்லை. கடல்நீர்ப் பம்புக்கும் இஞ்சினுக்கும் நடுவில் ஒரு சிறு துவாரம் இருக்கும், பம்பின் சீல் போனால் நீர் அதனால் சொட்டும். அது காய்ந்து கிடந்தது. பிறகு இஞ்சினைக் கொஞ்சநேரம் ஓடவிட்டு நிறுத்தினார். நிறுத்திய கையோடு, புகைக்குழாய்க்குக் கடல்நீரைக் கொண்டுபோகும் ஹோசைக் கழற்றி ஒரு வாளிக்குள் விட்டார். இஞ்சின் நின்றுவிட்டது, பம்பும் நின்றுவிட்டது. ஆனால் வாளிக்குள் நீர் ஓடிக்கொண்டே இருந்தது. மூவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். யாரும் எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

லொறித் தாங்கியிலிருந்து வாயால் உறிஞ்சி டீசல் இறக்குவதைக் கண்டிருப்பீர்கள். ஒருமுறை ஓடத் தொடங்கினால் தாங்கியின் மட்டம் மேலே இருக்கும்வரை அது நிற்காது. பாய்ப்படகின் இஞ்சின் கடல்மட்டத்துக்குக் கீழே கிடப்பதால் கடலே அங்கு தாங்கி. இந்த ஆபத்தைத் தடுக்க, கடல்நீர் வரும் ஹோசை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கி வளைத்து, வளைவின் உச்சியில் ஒரு சிறு வால்வை வைப்பார்கள். இஞ்சின் ஓடும்போது நீரின் அழுத்தம் அதை மூடிவைத்திருக்கும். நின்றதும் அது திறந்து கொஞ்சம் காற்றை உள்ளே விடும். காற்று புகுந்தால் நீரோட்டம் அறுந்துவிடும். அவ்வளவுதான் அதன் வேலை.

ஏணிக்குப் பின்னால், படுக்கையின் தலைமாட்டில், பலகையைக் கழற்றித்தான் அதைப் பார்க்க முடிந்தது. வால்வின் பிளாஸ்டிக் தலையில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. அந்த வெடிப்பின் மேல் யாரோ வெள்ளைப் பசையை நன்றாகப் பூசியிருந்தார்கள். வெடிப்போடு சேர்த்துக் காற்று புகும் துவாரமும் அடைபட்டிருந்தது.

சொந்தக்காரர் சிறிதுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார், பசை பூசியது தான்தான் என்று. இஞ்சின் ஓடும்போது அந்த வெடிப்பால் கடல்நீர் கசிந்து படுக்கையை நனைத்ததாம். ஏன் கசிகிறது, அந்த வால்வு எதற்கு இருக்கிறது என்று அவர் யோசிக்கவில்லை. கசிவு நின்றது. அவருக்கு அதன் பிறகு ஒன்றும் நேரவில்லை. ஏனென்றால் இஞ்சினை நிறுத்தியதும் கடல்தண்ணிப் பைப்பைப் பூட்டுவது அவருடைய நெடுநாள் பழக்கம். பழக்கமாகிப்போன ஒன்றை மற்றவனுக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. பொடியனுக்கு அதை அவர் சொல்லவில்லை.

இப்போது எனக்குள் ஒரு கோபம் எழுந்தது. ஆகக் குற்றவாளி இவர்தான்! நானாவிடம் அதைத் தமிழில் சொன்னேன். நானா பசையைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்: “அவரும் நல்லதுக்குத்தான் செஞ்சிருக்கார் போல, சேர்.” நேற்று பொடியனுக்குக் கொடுத்த அதே சொல்லை இன்று வெள்ளைக்காரருக்கும் கொடுத்தார். அவர் நேற்றும் அதைக் கைவிடவில்லை. கைவிட்டது நான்.

பிறகு இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். ஒரே அறிகுறி பல காரணங்களிலிருந்து பிறக்கிறது. பால்தேத்தண்ணி நிற ஒயில், கேஸ்கட்டாலும் வரும், பம்பின் சீலாலும் வரும், அளவுமீறி அடித்ததாலும் வரும், ஒரு வால்வாலும் வரும். நான்கில் நாங்கள் ஏன் மனிதனை முதலில் பிடித்தோம்? வால்வு பலகைக்குப் பின்னால் இருந்தது, மனிதன் கண்முன்னால் நின்றான் என்பது ஒரு காரணம். வால்வைக் கண்டித்துப் பயனில்லை, மனிதனைக் கண்டிக்கலாம் என்பது இன்னொன்று. குற்றம் ஒரு முகத்தைப் பெற்றுவிட்டால் தேடும் வேலை முடிந்த நிம்மதி கிடைக்கிறது. பொடியனைக் கரைக்கு அனுப்பியபோது அந்த நிம்மதி எனக்கு இருந்தது. வால்வு அடைபட்டபடியே இருந்தது.

இமாம் கஸ்ஸாலி (1058–1111) மெய்யியலாளர்களை மறுத்து எழுதிய நூலில் நெருப்பையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு வாதிடுகிறார். நெருப்பு பட்டபோது பஞ்சு எரிந்ததைத்தான் கண் காண்கிறது. நெருப்பினால் எரிந்தது என்பதைக் கண் காணவில்லை என்பது அவர் கருத்து. குர்துபாவின் இப்னு ருஷ்து (1126–1198) அதற்குப் பதில் எழுதினார். காரணங்களை மறுப்பவர் அறிவையே மறுக்கிறார் என்பது அவர் நிலை. ஆசிரியர் கலாசாலையில் இருந்த காலத்தில் இந்த விவாதத்தில் ஒரு பக்கம் சேர வேண்டும் என்று நினைத்து, நண்பர்களோடு இரவிரவாக மோதியிருக்கிறேன். வாளியருகே நின்ற காலையில் எனக்கு இருவரும் தேவைப்பட்டார்கள். ஒன்றன்பின் ஒன்று நடந்ததைக் கண்டதால் ஒன்றினால் மற்றது நடந்தது என்று சொல்லிவிடாதே என்ற எச்சரிக்கை கஸ்ஸாலியுடையதாக என் காதில் கேட்டது. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்காதே, காரணம் இருக்கிறது, தேடு என்ற கட்டளை இப்னு ருஷ்துவினுடையதாகக் கேட்டது. அவர்கள் பேசியது படைப்பின் ஒழுங்கைப் பற்றி, இஞ்சினைப் பற்றியல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு நூல்களையும் பெயரளவில்கூட அறியாத நானா, இரண்டு பாடங்களையும் ஒரு வாளியில் செய்துகாட்டினார்.

குளிரூட்டும் குழாய் ஒன்றின் வால்வை உலகமே பேசிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு. 1979 மார்ச் 28ஆம் திகதி அதிகாலை நான்கு மணியளவில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில், அழுத்தத்தைக் குறைக்கத் திறந்த ஒரு வால்வு மூடவேண்டிய நேரத்தில் மூடவில்லை. அணு உலையைக் குளிரவைக்கும் நீர் அதனால் வெளியேறிக்கொண்டே இருந்தது. கட்டுப்பாட்டு அறையின் பலகையிலோ அந்த வால்வுக்குரிய விளக்கு அணைந்திருந்தது. அணைந்தால் மூடிவிட்டது என்று அங்கிருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அந்த விளக்கு சொன்னது, மூடு என்ற கட்டளை போய்விட்டது என்பதை மட்டுந்தான். வால்வு மூடியதா என்று பார்த்துச் சொல்லும் ஏற்பாடு அதில் இல்லை. இரண்டு மணித்தியாலத்துக்கும் மேல் கழிந்து, அடுத்த வேலைமுறைக்கு வந்த ஒருவர் புதிய கண்ணோடு பார்த்துச் சந்தேகித்த பிறகே, அந்தக் குழாயிலிருந்த இன்னொரு வால்வை அடைத்தார்கள். அதற்குள் உலையின் ஒரு பகுதி சேதமடையத் தொடங்கியிருந்தது. இதே மாதிரியான வால்வுக் கோளாறு பதினெட்டு மாதங்களுக்கு முன், 1977 செப்டம்பரில், ஒஹாயோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்திலும் நேர்ந்திருந்தது. அந்தப் பாடம் இவர்களுக்கு வந்து சேரவில்லை.

அந்த விளக்கை நினைக்கும்போதெல்லாம் படகில் நின்ற என்னை நினைத்துக்கொள்கிறேன். ‘மூடியிருக்கும் போல’ என்று சொல்லவேண்டிய இடத்தில் ‘மூடிவிட்டது’ என்றது விளக்கு. நானும் அப்படியொரு விளக்காகத்தான் அன்று நின்றேன். அந்த விபத்தை விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழு அதே ஆண்டு ஒக்டோபரில் அறிக்கை தந்தது. இயக்குநர்கள் செய்த பிழைகளை அது சொல்லத் தவறவில்லை. ஆனால் அங்கேயே நின்றுவிடாமல், அவர்களுக்குக் கொடுத்த பயிற்சியையும், எழுதிக்கொடுத்த அறிவுறுத்தல்களையும், கட்டுப்பாட்டு அறையின் அமைப்பையும் சேர்த்தே குறை கண்டது. முதலில் நின்ற மனிதனோடு விசாரணையை முடிக்காததுதான் அதன் பெறுமதி.

நண்பர்களிடம் இதைச் சொன்னபோது ஒருவர் கேட்டார். எல்லாவற்றுக்கும் ‘போல’, ‘போல’ என்று கொண்டிருந்தால் உண்மையான குற்றவாளி தப்பிவிடமாட்டானா? நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் அதைக் கேட்பதற்கு ஒரு கனமும் உண்டு. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த குறிஞ்சாக்கேணியில் மக்களை ஏற்றிச்சென்ற இழுவைப் படகு கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் அதில் மௌத்தானார்கள். அன்றைக்கு ளுஹருக்குள் ஊரில் எல்லோருடைய வாயிலும் ஒரு குற்றவாளியின் பெயர் இருந்தது. ஆளுக்கு ஆள் பெயர் மாறியது. என் வாயிலும் ஒன்று இருந்தது. படகு ஏன் கவிழ்ந்தது என்பது ஒரு கேள்வி. பிள்ளைகள் ஏன் அந்தப் படகில் போகவேண்டி வந்தது என்பது அதற்கு முந்திய கேள்வி. அப்படிப் போவதை இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்த நாம் யார் என்பது அதற்கும் முந்தியது. காரணத்தைத் தேடிப்போவதால் யாருடைய பொறுப்பும் குறைந்துவிடாது. பொறுப்பாளிகளின் எண்ணிக்கைதான் கூடும். அவசரமாக ஒரு பெயரைச் சொல்லி அமைதியடைவதில்தான் மற்றவர்கள் தப்புகிறார்கள்.

எனவே ‘போல’ தங்கியிருக்கும் இடமல்ல. அது கடன். சொன்னவர் சோதித்துப் பார்த்து அதைத் தீர்க்க வேண்டும். நானா சனிக்கிழமை பட்ட கடனை ஞாயிற்றுக்கிழமை வாளியால் தீர்த்தார். மத்ரஸாவில் யகீன் வேறு, ழன் வேறு, ஷக் வேறு என்று படித்தோம். உறுதியான அறிவும் மேலோங்கிய எண்ணமும் சந்தேகமும் ஒன்றல்ல. வுளு முறிந்ததா இல்லையா என்ற இடத்தில் அந்த வேறுபாட்டை நுணுக்கமாகப் பேணும் நாம், ஒரு மனிதனின் பெயர் கெடும் இடத்தில் மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறோம். நான் ஒன்றாக்கினேன்.

சொந்தக்காரர் அன்றே முழுக் கூலியையும் அதற்கு மேலும் எண்ணித் தந்தார். நானாதான் கொண்டுபோய்க் கொடுத்தார். பொடியன் பேசிய கூலியை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பினான். படகுகளின் பக்கம் அவன் பிறகு வரவில்லை. அடுத்த வருடம் கட்டாருக்குப் போனான். விடுமுறையில் வந்தபோது ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் சந்தித்தோம். “சேர் சுகமா?” என்று கேட்டான். சுகம் என்றேன். ‘அன்றைக்குப் பிழை விட்டது நான்தான்’ என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஆசிரியர் மாணவனிடம் அப்படிச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பசை பூசியவர் எழுபது வயதில், அந்நியர் இருவர் முன்னால், ஒரு நிமிடத்தில் சொன்னதை என்னால் சொல்ல முடியவில்லை.

அவனுடைய தம்பி இப்போது என் வகுப்பில் இருக்கிறான். போன தவணையில் தண்ணீர்ப் பைப் உடைந்தபோது பிள்ளைகள் எல்லோரும் அவனைத்தான் காட்டினார்கள். அவனைக் கூப்பிட்டேன். ‘ஏன் உடைத்தாய்’ என்று நாக்கு நுனிவரை வந்தது. “நீ போகக்குள்ள பைப் எப்படி இருந்த?” என்று கேட்டேன். அவன் சொல்லத் தொடங்கினான். மணி அடித்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதை அவனுடைய அண்ணனுக்கு ஒரு பிரதி அனுப்பப்போகிறேன். அவன் வாசிப்பான் போல.